நாளுக்கு நானூறு மெசேஜ்: எந்தக் குரூப்பில் இருப்பது, எதைக் கேட்பது?

கேள்வி: முல்லைத்தீவு மாவட்டத்தில், பஸ் போகும் றோட்டிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறோம். மகனுக்கு நாலரை வயது. ஓட்டிசம் என்று போன வருடம் சொன்னார்கள். ஏழெட்டுச் சொல் சொல்லுவார். படலை திறந்திருந்தால் ஓடிவிடுவார். இரண்டு தரம் குளக்கட்டில் போய்ப் பிடித்து வந்தோம். மாதம் ஒருக்கால் கிளினிக். ஊரில் இப்படி வேறு பிள்ளை இருப்பதாகத் தெரியவில்லை. கனடாவில், ரொறன்ரோவில் இருக்கும் மச்சாள் ஒரு வட்ஸ்அப் குரூப்பில் சேர்த்துவிட்டா. நாளுக்கு முந்நூறு, நானூறு மெசேஜ். ஒருவர் ஆறு மாதத்தில் கதைக்க வைக்கும் மருந்து இருக்கிறது என்கிறார். கனடாவில் உள்ள இன்னொரு தாய் கிழமைக்கு 20 மணித்தியாலம் தெரபி கட்டாயம் வேண்டும் என்கிறா. மகன் அழுது புரண்ட வீடியோவை ஆலோசனை கேட்டுப் போட்டேன். அது எங்கள் ஊர் ஆள் ஒருவரின் போனுக்கே வந்துவிட்டது. குரூப்பை விட்டு வெளியேறவா? வேறு யாரிடம் கேட்பது? போனைப் பார்த்துத்தான் பிள்ளைக்கு இது வந்தது என்று மாமி சொல்லுறா.

பதில்: அன்புள்ள சகோதரி, நீங்கள் ஒரே வரியில் கடந்துபோன விடயத்தைத்தான் நான் முதலில் எடுக்கிறேன். ஓட்டிசம் உள்ள பிள்ளைகளில் பலர் வீட்டை விட்டு ஓடுவார்கள். அதில் நிறையப் பேரைத் தண்ணீர் இழுக்கும். வன்னியில் வளவுக்கு ஒரு கிணறு, ஊருக்கு ஒரு குளம். ஆகவே இதற்கு எந்தக் குரூப்பின் பதிலுக்கும் காத்திருக்க வேண்டாம், இந்தக் கிழமையே செய்யுங்கள். கிணற்றுக் கட்டு உயரமாக இருந்தாலும் வாளியையோ கதிரையையோ வைத்து ஏறுவார். இரும்புச் சட்டத்தில் கம்பி வலை அடித்து, இரண்டு பாதியாகத் திறக்கும் மூடி ஒன்று செய்து பூட்டுப் போடுங்கள். மோட்டர்க் குழாய் போகிற அளவுக்கு மட்டும் ஒரு வெட்டு விட்டால் போதும். படலைக்குக் கொளுக்கியை அவருடைய கை எட்டாத உயரத்தில், வெளிப்பக்கமாகப் போடுங்கள். ஒரு மாட்டு மணியைக் கட்டிவிட்டால் திறக்கும்போது கேட்கும். அவருக்குத் தன் பெயரும் ஊரும் சொல்லத் தெரியாது, அதனால் சட்டையின் உட்பக்கத்தில் உங்கள் போன் நம்பரைத் துணி மையால் எழுதிவிடுங்கள். குளத்துக்குப் போகும் வழியில் உள்ள மூன்று வீட்டுக்கு முன்கூட்டியே சொல்லி வையுங்கள்: "இவர் தனியாக வந்தால் மறித்து வைத்துக்கொண்டு எனக்கு அடியுங்கோ." காணவில்லை என்றால் முதல் ஓட்டம் தண்ணீர்ப் பக்கம். வீட்டுக்குள் தேடுவது பிறகு.

இனி அந்த வீடியோ. குரூப்பில் அதை அழுத்திப் பிடித்து "எல்லோருக்கும் நீக்கு" என்பதைத் தெரிவுசெய்யுங்கள். ஓரிரு நாள் கடந்திருந்தால் அந்த வசதி உங்களுக்கு வராது, அட்மினிடம் நீக்கச் சொல்லுங்கள். ஆனால் ஏற்கெனவே இறக்கி வைத்தவர்களின் போனில் அது இருக்கும். ஆகவே ஊர் ஆளுக்கு நேரே அழைப்பு எடுத்து, "அது பிள்ளையின் வைத்திய விடயம், அழித்துவிடுங்கோ, ஒருவருக்கும் அனுப்பாதேங்கோ" என்று சொல்லுங்கள். சண்டைக்குப் போக வேண்டாம். பெரும்பாலானவர்கள் யோசியாமல் அனுப்புகிறவர்கள்தான், கேட்டால் அழிப்பார்கள். கேலிக்காக யாராவது பரப்பினால் 1929. அது தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் இலக்கம்.

அப்படி ஒரு வீடியோ எடுத்ததில் பிழையில்லை. அனுப்பிய இடம்தான் பிழை. பிள்ளை அழத் தொடங்குவதற்கு முன்னே என்ன நடந்தது என்பதும் சேர்ந்து வருமாறு எடுத்த ஒரு நிமிட வீடியோ, கிளினிக்கில் டொக்டருக்கும் பேச்சுச் சிகிச்சையாளருக்கும் பெரிய உதவி. அங்கே பிள்ளை பத்து நிமிடம்தான் இருப்பார், வீட்டில் செய்வதை அங்கே செய்யமாட்டார். போனில் வைத்திருந்து நேரில் காட்டுங்கள். குரூப்புக்கு எழுத்தும் குரலும் போதும்.

உங்கள் மச்சாள் அன்பில்தான் சேர்த்திருக்கிறா. ஆனாலும் அடுத்த முறை தெரியாதவர்கள் உங்களைக் கேளாமல் சேர்க்காமல் இருக்க, வட்ஸ்அப்பில் செட்டிங்ஸ், பிரைவசி, குரூப்ஸ் என்று உள்ளே போய் "மை கொண்டாக்ட்ஸ்" என்பதைத் தெரிவுசெய்யுங்கள். அதற்குப் பிறகு உங்கள் போனில் பெயர் பதிந்தவர்கள் மட்டும் சேர்க்கலாம். முகப்புப் படத்துக்கும் அதே ஒழுங்கு. அதில் மகனின் படம் இருந்தால் மாற்றிவிடுங்கள், ஏனென்றால் குரூப்பில் உள்ள அத்தனை பேருக்கும் உங்கள் நம்பர் தெரியும். படமும் வீடியோவும் தானாக இறங்குவதை நிறுத்திவிட்டால் டேட்டாவில் பெரும்பங்கு மிஞ்சும். பேஸ்புக் பிரைவேட் குரூப்பில் நம்பர் தெரியாது. பெயர் மறைத்துக் கேட்கும் வசதியைப் பல குரூப்புகள் திறந்து வைத்திருக்கின்றன. அப்போதும் அட்மினுக்கு உங்கள் பெயர் தெரியும் என்பதை மறக்க வேண்டாம். டெலிகிராமில் நம்பரை மறைக்கலாம், ஆனால் எங்கள் பக்கத்துத் தாய்மாரில் அதை வைத்திருப்பவர்கள் குறைவு.

வெளியேறவா என்று கேட்டீர்கள். இப்போதைக்கு வேண்டாம், சத்தத்தை மட்டும் நிறுத்தி வையுங்கள். அந்தப் பெரிய குரூப்பால் உங்களுக்கு ஒரு வேலை ஆக வேண்டியிருக்கிறது. உங்களுக்குக் கிட்ட இருக்கும் ஆட்களைக் கண்டுபிடிக்கும் வேலை.

பெற்றோர் குரூப்புக்குப் போகும் கேள்விகளை இரண்டாகப் பிரித்துப் பாருங்கள். ஒன்று, "நீங்கள் எப்படிச் சமாளித்தீர்கள்?" மற்றது, "என்ன மருந்து கொடுப்பது?" முதலாவதற்கு இன்னொரு தாயைப் போல் பதில் சொல்ல எந்த நிபுணராலும் முடியாது. ஏ9 பஸ்ஸில் வவுனியாவுக்குப் போகும்போது எந்தப் பக்கத்துச் சீற் நல்லது, தலைமயிர் வெட்ட சலூனில் எத்தனை மணிக்குச் சனம் இல்லை, வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்குக் கூட்டிப்போனால் பறைச் சத்தத்துக்குள் எப்படி நிற்பது, வெள்ளைச் சோற்றைத் தவிர ஒன்றும் தொடாத பிள்ளைக்குப் பருப்பை எப்படிப் பழக்குவது. இவையெல்லாம் அனுபவித்தவருக்குத்தான் தெரியும். இரண்டாவதற்கு எந்தத் தாயாலும் பதில் சொல்ல முடியாது, எவ்வளவு நல்லவராக இருந்தாலும்.

ஏன் என்றும் சொல்லிவிடுகிறேன். ரிஸ்பெரிடோன் என்ற மருந்தைச் சில பிள்ளைகளுக்கு டொக்டர்மார் எழுதுவார்கள். அது கடும் கோபத்தையும் தன்னைத்தானே அடிப்பதையும் தணிப்பதற்கு. பேச்சு வரவைக்கும் மருந்து அல்ல. அளவைப் பிள்ளையின் நிறை பார்த்து மெல்ல மெல்லக் கூட்டுவார்கள். பசி கூடும், உடம்பு வைக்கும், நித்திரை தூக்கும், அதற்காக இடையிடையே நிறையும் இரத்தமும் பார்க்க வேண்டும். இன்னொரு தாய் "என்ர மகனுக்கு இவ்வளவு மில்லி" என்று எழுதியதை உங்கள் மகனுக்குக் கொடுத்தால் அளவு பிழைக்கும். யாரோ பயப்படுத்தினார்கள் என்று சட்டென்று நிறுத்தினாலும் பிழைக்கும். ஏற்கெனவே சொன்ன சொற்களை ஒரு பிள்ளை விட்டுவிட்டாலோ, வெறித்துப் பார்த்தபடி சில விநாடி உறைந்து நின்றாலோ அதையும் குரூப்பில் கேட்டுக்கொண்டிருக்கக் கூடாது. ஓட்டிசம் உள்ள பிள்ளைகளுக்கு வலிப்பு வருவது மற்றப் பிள்ளைகளை விட அதிகம், டொக்டர் பார்க்க வேண்டும். வலிப்பு வந்து நிற்கவில்லை என்றால் 1990 அம்புலன்ஸ்.

அந்த "ஆறு மாத மருந்து" பற்றி நான் கனக்க எழுதப் போவதில்லை. ஓட்டிசத்தைக் குணமாக்கும் மருந்து உலகில் எங்கேயும் இல்லை. அது மூளை வளரும் விதத்தில் உள்ள வேறுபாடு. பிறகு என்ன விற்கிறார்கள்? உடம்பிலிருந்து பாரமான உலோகங்களை வெளியேற்றும் கீலேஷன் என்று ஒன்று; 2005இல் அமெரிக்காவில் இதற்காக ஒரு பிள்ளையின் உயிரே போனது. குளோரின் டைஒக்சைட் துளிகள் என்று இன்னொன்று. துணி வெளுக்கப் பாவிக்கும் இனத்து இரசாயனம். ஸ்டெம் செல், அதாவது உயிரணுக்களை உடம்பில் ஏற்றும் சிகிச்சை என்று சொல்லிக் காணி விற்க வைக்கிறவர்களும் உண்டு. தடுப்பூசியால் ஓட்டிசம் வருகிறது என்ற கதையும் இந்தக் குரூப்புகளில் ஓயாமல் சுற்றும். அது 1998இல் லான்செட் என்ற மருத்துவ சஞ்சிகையில், எம்.எம்.ஆர். என்ற சின்னமுத்து, கூகைக்கட்டு, ருபெல்லா ஊசி பற்றி வந்த ஒரு கட்டுரையில் தொடங்கியது. 2010இல் சஞ்சிகையே அதை மீளப்பெற்றது, எழுதிய வைத்தியரின் பதிவும் பிரித்தானியாவில் நீக்கப்பட்டது. எங்கள் நாட்டில் எம்.எம்.ஆர். ஊசி 9 மாதத்திலும் 3 வயதிலும் போடப்படுகிறது. பேச்சுத் தாமதம் கண்ணில் படத் தொடங்கும் காலமும் ஏறக்குறைய அந்த இரண்டுக்கும் இடையில்தான் வரும். காகம் இருக்கப் பனம்பழம் விழுந்த கதை.

விலை சொல்வதற்கு முன் "இன்பொக்ஸ் வாருங்கள்" என்று கூப்பிடும் ஆளைக் கண்டால் அட்மினுக்கு அறிவியுங்கள். அட்மின் இரண்டு நாளில் ஒன்றும் செய்யாவிட்டால், அந்தக் குரூப்பை விட்டு வெளியேற அதுவே போதுமான காரணம்.

கிழமைக்கு 20 மணித்தியாலம் என்று சொன்ன தாய் பொய் சொல்லவில்லை. கனடாவில் மாகாண அரசு பணம் கொடுக்கிறது, பயிற்சி பெற்ற ஆட்கள் பக்கத்தில் இருக்கிறார்கள். அந்தக் கணக்கை முல்லைத்தீவுக்குக் கொண்டுவந்தால் உங்களுக்குக் குற்ற உணர்ச்சிதான் மிச்சம். நிபுணர்கள் குறைந்த இடங்களுக்கென்றே உலக சுகாதார நிறுவனம் பெற்றோர் பயிற்சி ஒன்றை வடிவமைத்திருக்கிறது. 2 முதல் 9 வயதுப் பிள்ளைகளின் பெற்றோருக்கு 9 குழு வகுப்பு, 3 முறை வீட்டுக்கு வருதல். அதன் உயிர்நாடி, தனியாகத் தெரபி நேரம் தேடாமல், நாளாந்த வேலைக்குள் பேச்சைப் புகுத்துவது. கோழிக்கு அரிசி போடும்போது சுண்டு உங்கள் கையில் இருக்கட்டும். "போடு" என்று ஒரே ஒரு சொல். பிறகு ஐந்து விநாடி வாயைத் திறக்காமல் அவர் முகத்தைப் பாருங்கள். கையை நீட்டினாலும் கண்ணைப் பார்த்தாலும் பதில்தான், உடனே அரிசியைக் கொடுங்கள். அந்த ஐந்து விநாடி பொறுமைதான் கடினம், எல்லாத் தாய்மாரும் இரண்டாவது விநாடியில் தாங்களே சொல்லிவிடுவார்கள். குளிப்பு, செருப்புப் போடுதல், படலை திறத்தல் என்று நாளுக்கு இப்படி இருபது இடம் கிடைக்கும். இந்த மாதிரிப் பெற்றோர் பயிற்சி எப்போது, எங்கே நடக்கும் என்று அடுத்த கிளினிக்கில் கேளுங்கள்.

தமிழ்நாட்டுக் குரூப்புகளும் உங்களுக்குக் கைகொடுக்கும். ஒரே மொழி, ஒரே நேரம், படங்களும் பயிற்சிக் குறிப்புகளும் தாராளமாகக் கிடைக்கும். அங்கே சொல்லும் அடையாள அட்டையும் உதவித்தொகையும் பள்ளிச் சட்டமும் மட்டும் எங்களுக்குப் பொருந்தாது. இங்கே மாற்றுத்திறனாளி கொடுப்பனவுக்குப் பிரதேச செயலகத்தில் சமூக சேவை உத்தியோகத்தர், விசேட கல்வி அலகு எந்தப் பாடசாலையில் இருக்கிறது என்பதற்கு வலயக் கல்விப் பணிமனை. கொடுப்பனவின் தொகையும் விதியும் மாறிக்கொண்டிருப்பவை. குரூப்பில் வரும் பழைய ஸ்கிரீன்ஷொட்டை நம்பி அலையாமல், முதலில் அலுவலகத்துக்குப் போன் எடுத்துக் கேட்டுவிட்டுப் பஸ் ஏறுங்கள்.

தேடும்போது ஒரு சின்ன நுணுக்கம். "ஆட்டிசம்" என்று அடித்தால் தமிழ்நாட்டுப் பக்கங்கள் வரும். "ஓட்டிசம்" என்று அடித்தால் இலங்கை, புலம்பெயர் தமிழர் பக்கங்கள் கூடுதலாக வரும். "விசேட தேவையுடைய பிள்ளைகள்" என்பது எங்கள் சொல், அங்கே "சிறப்புக் குழந்தைகள்". "பேச்சுத் தாமதம்" என்று தேடினால், இன்னும் பெயர் வைக்கப்படாத பிள்ளைகளின் பெற்றோரும் அகப்படுவார்கள். ஒவ்வொன்றுடனும் கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார், யாழ்ப்பாணம் என்று சேர்த்தும் பாருங்கள்.

கிடைத்த குரூப்பில் இரண்டு கிழமை ஒன்றும் எழுதாமல் வாசியுங்கள். பிள்ளைகள் அழும் வீடியோக்களைப் போட அனுமதிக்கிறார்களா? மருந்தளவு கேட்பவருக்கு "டொக்டரைக் கேளுங்கோ" என்று யாராவது உடனே சொல்கிறார்களா? தன் பிள்ளைக்கு ஒன்று சரிவரவில்லை என்று ஒரு தாய் எழுதினால் அவவை அடக்குகிறார்களா, கேட்கிறார்களா? நான் பெரிதாகப் பார்ப்பது இந்தக் கடைசியைத்தான். எல்லோரும் வெற்றிக் கதை மட்டும் சொல்லும் இடத்தில் யாரோ எதையோ விற்கிறார்கள். ஓட்டிசம் உள்ள பெரியவர்கள் ஓரிருவர் உள்ளே இருந்து கதைத்தால் அந்தக் குரூப்பை விடாதீர்கள். சத்தம் காதுக்குள் எப்படி ஏறுகிறது, சட்டை லேபிள் ஏன் குத்துகிறது என்பதை உங்கள் மகனுக்காகச் சொல்லக்கூடியவர்கள் அவர்கள்தான். தமிழில் அந்தக் குரல்கள் இன்னும் அரிது.

பிறகு கேள்வி. "மகன் சரியான குழப்படி, ஏதாவது சொல்லுங்கோ" என்று போட்டால் ஐம்பது பேர் ஐம்பது விதமாகச் சொல்லுவார்கள், பாதிப் பேர் கைகூப்பும் படம் போடுவார்கள். வயது, பேச்சு, எப்போது, அதற்குச் சற்று முன் என்ன நடந்தது, எவ்வளவு நேரம், கிழமைக்கு எத்தனை தரம், என்ன செய்து பார்த்தீர்கள், எது சரிவரவில்லை என்று வரிசையாக எழுதுங்கள். இப்படி:

"மகன், நாலரை வயது. ஏழெட்டுச் சொல். பின்னேரம் குளிக்கக் கூப்பிட்டால் நிலத்தில் விழுந்து அழுவார், 15 நிமிடம் போகும். கிழமைக்கு ஐந்து நாள். காலையில் குளித்தால் பிரச்சினை இல்லை. தண்ணியைச் சுடவைத்துப் பார்த்தேன், மாற்றமில்லை. கிணற்றடியில் மோட்டர் ஓடும் நேரம் அது. வேறு பிள்ளைகளுக்கு இப்படி இருந்ததா? நீங்கள் என்ன மாற்றினீர்கள்?"

இப்படி எழுதும்போதே பாதிப் பதில் உங்களுக்கே தெரிந்துவிடும். மேலே உள்ளதில் சந்தேகம் மோட்டர்ச் சத்தத்தின் மேல் போகிறது, இல்லையா? வரும் பதில்களில் ஒன்றை மட்டும் எடுத்து இரண்டு கிழமை செய்து பாருங்கள். மூன்றை ஒன்றாகத் தொடங்கினால் எது வேலை செய்தது என்று தெரியாது. அவருடைய பெயர், முன்பள்ளியின் பெயர், ஊர் ஒன்றும் எழுத வேண்டாம்.

இனித்தான் நான் உங்களிடம் உண்மையில் கேட்க நினைக்கும் வேலை. ஊரில் வேறு பிள்ளை இல்லை என்கிறீர்கள். இலங்கையில் 18 முதல் 24 மாதப் பிள்ளைகளிடையே செய்து 2009இல் வெளியான ஓர் ஆய்வில் 93 பேருக்கு ஒருவர் என்று கண்டார்கள். அது ஓரளவு நகரமான ஒரு பகுதி. வன்னிக்கு அதே எண் என்று சொல்லவில்லை. ஆனால் உங்கள் பிரதேச செயலகப் பிரிவுக்குள் உங்கள் மகன் ஒருவர்தான் என்பதை நம்ப இடமில்லை. மற்றவர்களும் உங்களைப் போலவே படலையைப் பூட்டிக்கொண்டு உள்ளே இருக்கிறார்கள்.

அவர்களைத் தேடும் வழி இது. கிளினிக்கில் மற்றத் தாய்மாரின் நம்பரைக் கேட்டால் தரமாட்டார்கள், தரவும் கூடாது. அதற்குப் பதிலாக உங்கள் நம்பரை ஒரு துண்டில் எழுதி, "ஓட்டிசம் உள்ள மூன்று முதல் எட்டு வயதுப் பிள்ளையின் தாய் யாராவது கதைக்க விரும்பினால் எனக்கு அடிக்கலாம்" என்று தாதியிடமோ பேச்சுச் சிகிச்சையாளரிடமோ கொடுங்கள். குடும்பநல உத்தியோகத்தரிடம் ஒன்று, விசேட கல்வி அலகு ஆசிரியரிடம் ஒன்று. பெரிய குரூப்பிலும், மாவட்டத்தை மட்டும் சொல்லி, தனிச்செய்தி அனுப்பச் சொல்லுங்கள். இரண்டு மூன்று மாதத்தில் நாலு பேர் வந்தால் அதுவே குரூப். எட்டிலிருந்து பன்னிரண்டு பேருக்கு மேல் போக வேண்டாம். கூடினால் கூச்சமுள்ளவர்கள் வாய் திறக்கமாட்டார்கள். முடிந்தால், உங்கள் பிள்ளையை விட ஐந்தாறு வயது மூத்த பிள்ளையின் தாய் ஒருவரையும் சேருங்கள். அவவிடம் பிள்ளையைப் பாடசாலையில் முதலாம் ஆண்டுக்குச் சேர்த்த அனுபவம் இருக்கும்.

இப்படிப்பட்ட சிறு குரூப்புகள் மூன்றாம் கிழமையில் சாகும். காரணம் பெரும்பாலும் காலை வணக்கப் படங்களும் போர்வேர்ட் செய்திகளும். முதல் நாளே சொல்லிவிடுங்கள்: போர்வேர்ட் இல்லை, பிள்ளையின் படம் இல்லை, மருந்தளவு இல்லை, உள்ளே கேட்டது வெளியே போகாது, இரவு 10 மணிக்குப் பிறகு மெசேஜ் இல்லை. அட்மின் இரண்டு பேர், ஒருவருக்குப் பிள்ளை வருத்தம் என்றால் மற்றவர் பார்ப்பார். தமிழில் தட்டக் கைவராதவர்கள் குரலில் அனுப்பலாம், இரண்டு நிமிடத்துக்குள். குரல் செய்தி வீடியோவைப் போல டேட்டாவைத் தின்னாது. கிழமைக்கு ஒரு விடயம் என்று வைத்தால் ஓடும்: இந்தக் கிழமை நித்திரை, அடுத்தது சாப்பாடு, அதற்கடுத்தது மலசலகூடம் பழக்குதல்.

இரண்டாவது தடை ஒப்பீடு. ஒருவரின் மகள் பாட்டுப் பாடுவா, மற்றவரின் மகன் "அம்மா" சொன்னதில்லை. பாட்டு வீடியோ வந்த அன்றே மற்றத் தாய் மௌனமாகிவிடுவா, பிறகு வெளியேறிவிடுவா. அட்மின் அதைக் கவனித்துத் தனியே ஒரு அழைப்பு எடுக்க வேண்டும். இதற்கு விதி எழுத முடியாது.

ஒரே நாளில் கிளினிக் வருகிறவர்கள் அரை மணித்தியாலம் முந்தி வந்து வைத்தியசாலை வளவில் ஒரு மரத்தடியில் இருந்தால் தனியாகப் பஸ் காசு தேவையில்லை. போனில் ஆறு மாதத்தில் வராத நெருக்கம் அதில் வரும்.

மச்சாளையும் விட்டுவிடாதீர்கள். இரவு 9 மணிக்கு மகன் நித்திரையான பிறகு நீங்கள் போனை எடுத்தால் ரொறன்ரோவில் கோடையில் பகல் 11.30, குளிரில் 10.30. ஆங்கிலத்தில் உள்ள நல்ல குறிப்பு ஒன்றைக் கிழமைக்கு ஒன்றாகத் தமிழில் குரலில் சொல்லி அனுப்பச் சொல்லுங்கள். அவவுக்கும் ஏதோ செய்த மாதிரி இருக்கும். அந்த நேரத்தில் மனம் தாங்காமல் போனால், இரவு எந்த மணிக்கும் 1926 இருக்கிறது, தேசிய மனநல நிறுவகத்தின் இலக்கம். குரூப்பில் எல்லோரும் உறங்கும் நேரத்தில் பதில் வரவில்லையே என்று நொந்துகொண்டிருக்க வேண்டாம்.

மாமி சொல்வதில் பாதி பிழை, பாதி கவனிக்க வேண்டியது. போன் பார்த்ததால் ஓட்டிசம் வராது. ஆனால் மகன் விழித்திருக்கும் நேரத்தில் போன் உங்கள் கையில் இருந்தால் அந்தக் கோழி அரிசி, அந்த ஐந்து விநாடி கிடைக்காது. குரூப்புக்கு இரவில் அரை மணித்தியாலம், பகலில் இல்லை என்று ஒழுங்கு வையுங்கள். மாமிக்கு விளக்கம் சொல்லிச் சரிவராது. அடுத்த கிளினிக்குக்கு அவவையும் கூட்டிக்கொண்டு போய், நீங்கள் உள்ளே நிற்கும் நேரத்தில் மரத்தடியில் மற்ற அம்மம்மாமாரோடு இருக்க விடுங்கள்.